கை மாற்ற ஆள் உண்டா? வீட்டு டூட்டியும் முதியோர் இல்லமும்

சென்னை நங்கநல்லூரில் நான் பார்த்துக்கொண்ட பாட்டி இரண்டு வருடம் ஒன்பது மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். கடைசி நாள் வரைக்கும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அதற்கு அடுத்து கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். முதல் எட்டு மாதத்துக்குள் என் பொறுப்பில் இருந்த இரண்டு பேருக்குப் புண் வந்துவிட்டது. பார்த்தது அதே கைதான். படித்த பயிற்சியும் அதேதான்.

ஊர்ப் பக்கத்துப் பெண்கள் இப்போது நிறையப் பேர், படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு வருகிறார்கள். "அக்கா, வீட்டு டூட்டிக்குப் போகவா, ஹோமுக்குப் போகவா, எதுல சம்பளம் கூட?" என்று போன் செய்து கேட்பார்கள். சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கே உனக்குக் கை மாற்ற ஆள் இருக்கா?" எங்கள் தொழிலில் ரிலீவர் என்று சொல்வோம். நீ தூங்கும்போது, குளிக்கும்போது, ஊருக்குப் போகும்போது, உடம்புக்கு முடியாதபோது அந்தப் படுக்கைப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது. இதை நான் தெரிந்துகொள்ள ஆறேழு வருடம் ஆனது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கணவர் தவறிய பிறகு, பஞ்சுத் தூசியில் இருமலும் கூடிப்போன பிறகு, 2017இல் திண்டுக்கல்லில் அரசு திறன் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமாக ஜிடிஏ என்பார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கான அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு 45 வயது வரை இடம் உண்டு. படுக்கையில் வைத்தே குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, யூரின் பையைக் கவனிப்பது, சர்க்கரை பார்ப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசி மூன்று தவணையும் அங்கேதான் ஆரம்பித்தேன்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இந்த ஊசியைப் போடாமல் யாரும் இந்த வேலைக்கு வராதீர்கள். வீட்டுக்காரர்களும் ஏஜென்சியும் இதைக் கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் சென்னையில் ஒரு ஏஜென்சி மூலமாக ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம்தான். அந்த அம்மாவின் கழுத்துச் சங்கிலி காணவில்லை என்று இரண்டு நாள் என் பையைக் கொட்டித் தேடினார்கள். மூன்றாவது நாள் தலையணை உறைக்குள் கிடந்தது. வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தால், "பெரிசு பண்ணாதம்மா, பொறுத்துப் போ" என்றார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: பேஷண்ட் மேல் இருக்கும் நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள், கழற்ற மனசில்லை என்றால் என்னென்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பீரோ சாவியை நம்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். நம்பிக்கை பெரிய விஷயம்தான். ஆனால் சாவி நம் கையில் இருக்கும்போது ஒரு பொருள் தொலைந்தால் நமக்காகப் பேச அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

2018 பிப்ரவரியில்தான் நங்கநல்லூர்ப் பாட்டி வீட்டுக்குப் போனேன். மகன் நியூஜெர்சியில், மகள் பெங்களூரில். வீட்டில் பாட்டியும் நானும் மட்டும். காலையில் சமையலுக்கு ஒரு அம்மா வந்து போவார். 24 மணி நேர டூட்டி. பாட்டிக்கு 81 வயது, இடுப்பு எலும்பு உடைந்து அறுவை செய்தும் எழுந்து நடக்க முடியவில்லை, கூடவே சர்க்கரை.

வீட்டு டூட்டியின் அருமை என்னவென்று அங்கேதான் பார்த்தேன். ஒரே ஒரு மனுஷி, முழு நேரமும் அவருக்காகவே நீ. காலையில் கண் திறக்கும் விதத்திலேயே அன்றைக்கு உடம்பு எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். இட்லி வேண்டாம் என்றால் பல்லில் ஏதோ வலி, புடவை மடிப்பை விரலால் நெருடிக்கொண்டே இருந்தால் மலம் வரப்போகிறது. இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர முடியாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பேன். இடப்பக்கம், நேராக, வலப்பக்கம். நேரத்தை ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பேன். ஏர் பெட் போட்டிருந்தார்கள். அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், அது பலருக்குத் தெரியாது. குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பேன். சிவந்த இடம் கண்ணில் பட்டால் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். அழுத்தி எடுத்ததும் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் பிழைத்தது. வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண்ணுக்கு அதுதான் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்த்து விடக்கூடாது, அந்தப் பக்கம் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு இரவைச் சொல்ல வேண்டும். 2019 கோடை. மணி இரண்டே முக்கால் இருக்கும். புரட்டுவதற்காக எழுந்தால் பாட்டி உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் முனகல் மட்டும். சர்க்கரை பார்த்தேன், 48. சாயங்காலம் இன்சுலின் போட்டிருந்தது, இரவு பாதி இட்லிதான் சாப்பிட்டிருந்தார். 70க்குக் கீழே போனாலே ஆபத்து என்று படித்திருக்கிறேன். தலையை உயர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்து விழுங்குகிறாரா என்று பார்த்தேன். விழுங்கினார். மூன்று ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 74. அப்புறம் கஞ்சி. அவர் விழுங்காமல் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, நேராக 108தான். இதை வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும். பயத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிப் புரையேறிப் போகிறவர்கள் உண்டு.

பாட்டி பிழைத்துக்கொண்டார். மகனுக்கு அங்கே பகல் நேரம், போனிலேயே இருந்தார், அழுதார். டாக்டர் காலையில் இன்சுலின் அளவைக் குறைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் விடிந்து ஆறு மணிக்கு என் கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. "நீ போய் ஒரு மணி நேரம் படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. எட்டு மணிக்குக் குளிப்பாட்ட வேண்டும், குளிப்பாட்டினேன். சமையல் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் காபியை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மாதம் இரண்டு நாள் ரிலீவர் அனுப்புவோம் என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. 33 மாதத்தில் ரிலீவர் வந்தது நான்கு முறை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, ஊரில் என் அம்மாவோடு இருந்தாள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். நான் போனால் பாட்டிக்கு ஆள் இல்லை. செப்டம்பர் முதல் தேதி இ-பாஸ் வேண்டாம் என்று ஆன பிறகுதான் ஊருக்குப் போனேன். ஐந்து மாதத்துக்கு மேல் என் மகளை நான் போனில் மட்டும்தான் பார்த்தேன். பத்து நாள் ரிலீவருக்காக நான்கு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனேன்: எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்த மாத்திரையைப் பொடி செய்யக் கூடாது, சாமி படம் எந்த உயரத்தில் இருந்தால் படுத்தபடி தெரியும், எல்லாம். திரும்பி வந்தால் முதுகுத் தண்டின் அடியில் சிவப்பு. அழுத்தினால் வெளுத்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவளும் பத்து நாளும் ஒருத்தியாகத்தான் இருந்தாள்.

நவம்பரில் பாட்டி தவறினார். நான்தான் கண்ணை மூடிவிட்டேன், தாடையைக் கட்டினேன். மகள் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை ஏஜென்சியிலிருந்து போன், அண்ணா நகரில் ஒரு கேஸ், இன்றைக்கே போக முடியுமா என்று. வீட்டு டூட்டியில் பேஷண்ட் போனால் அன்றைக்கே வேலையும் போகிறது, தங்கிய இடமும் போகிறது. இரண்டு வருடம் ஒன்பது மாதம் தொட்டுத் தூக்கிய உடம்பு. அதற்கு அழ நமக்கு ஒரு நாள்கூடக் கணக்கில் கிடையாது. எனக்கு இது தெரிந்திருந்தால் முன்பே இரண்டு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கியிருப்பேன். புதிதாக வருகிறவர்கள் முதல் சம்பளத்திலிருந்தே ஒதுக்குங்கள்.

அண்ணா நகருக்குப் போகவில்லை. ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு, 2021 பிப்ரவரியில் கோயம்புத்தூர் போனேன். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் பெரியவர்களுக்கான வீடுகளும் இல்லங்களும் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள், நல்ல காற்று, நல்ல ஆஸ்பத்திரி என்று இங்கே வந்து சேர்கிறார்கள். நான் சேர்ந்த இல்லத்தில் மூன்று பிரிவு. சாப்பாடு, தங்குமிடம், வாரம் ஒரு நாள் லீவு, எட்டு டு எட்டு ஷிப்ட். ஷிப்ட் முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு நம் அறைக்குப் போகலாம். முதல் வாரம் இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, காலை ஐந்து வரை ஒரே தூக்கமாகத் தூங்கினேன். மூன்று வருடத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

அங்கே கற்றதும் அதிகம். வீட்டில் பாட்டியை நான் தனியாகவே தூக்கி நகர்த்திப் பழகியிருந்தேன், அதனால்தான் என் இடுப்பு கெட்டது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கட்டிலின் உயரத்தை நம் இடுப்பு அளவுக்கு ஏற்றிக்கொள், பேஷண்ட்டுக்குக் கீழே மடித்துப் போட்ட விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒன்றாக நகர்த்து, முதுகை வளைக்காதே, முட்டியை மடி என்று இன்சார்ஜ் சிஸ்டர் கூடவே நின்று காட்டினார். நாலு மணி டீக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். ஒரு பெரியவர் தவறினால் அன்று சாயங்காலம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், சிரிப்பதும் உண்டு, அழுவதும் உண்டு. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தனியாக ஒரு சாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, பிடித்தார்கள். நம் சம்பளத்தில் 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25 சதவீதம். 11,000 சம்பளத்தில் எனக்குப் போனது 83 ரூபாய். 2022இல் இடுப்பு வலி தாங்க முடியாமல் போனபோது சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் ஸ்கேன், மருந்து, பிசியோதெரபி எல்லாம் அந்த அட்டையில்தான் நடந்தது. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. அதற்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கணக்குப் போட்டு வங்கியில் விழுந்தது. ஒரு கணக்குக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது நமக்குப் பணம் கட்டியிருந்தால் இந்த உரிமை உண்டு. நங்கநல்லூரில் இருக்கும்போது இதே வலி வந்திருந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த முறை பாட்டியைப் புரட்டியிருப்பேன். வேறு வழி இருந்திருக்காது.

இப்போது அந்தப் புண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பிரிவில் 14 பேர். அதில் 9 பேர் படுக்கை. பகலில் நாங்கள் மூன்று பேர் இருப்போம், ஓரளவு சமாளிக்கலாம். இரவில் ஒருத்தி. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், அவர் மூன்று பிரிவுக்கும் சேர்த்து. ஒருவரைப் புரட்டி, ஈரம் பார்த்து, விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட, ஆறு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு 54 நிமிடம். டயப்பர் மாற்ற வேண்டி வந்தால் ஒரு மணி நேரம் தாண்டும். இரண்டு மணிக்கொரு முறை என்றால் இரவில் பாதி நேரம் புரட்டுவதிலேயே போய்விடும். மீதிப் பாதியில் ஒருவர் எழுந்து வாசலுக்கு நடப்பார், இன்னொருவர் மணியை அடிப்பார், ஒருவருக்கு மூச்சு வாங்கும். ஆக, ராத்திரிக்கு இரண்டு முறை புரட்டினால் அன்றைக்கு நல்ல இரவு. நோட்டில் ஆறு முறை என்று எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அட்டவணையில் ஆறு கட்டம் அச்சடித்திருக்கும், எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும்.

அந்தத் தாத்தா கோயம்புத்தூர் மில்லில் நாற்பது வருடம் இருந்தவர். நானும் மில்லில் இருந்தவள் என்று தெரிந்ததும் என்னோடு ஒட்டிக்கொண்டார். "அம்மிணி, உங்க மில்லுல சங்கு ஊதுவாங்களா?" என்று கேட்பார். எந்த மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் குளிப்பாட்டும்போது வலது இடுப்பில் கறுத்த ஒரு தடம். இரண்டு நாளில் தோல் திறந்துவிட்டது. சர்க்கரையால் உணர்ச்சி போன உடம்பு, "வலிக்கலைங்க அம்மிணி, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. அவருடைய புண் ஆற நான்கு மாதம் ஆனது. இன்னொரு அம்மாவுக்கு வந்த புண் ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.

நான் மேனேஜரிடம் போனேன். கோபமாகப் பேசவில்லை, 9 பேர், 6 நிமிடம், 54 நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதை வாங்கி இரண்டு முறை பார்த்தார். ஒரு மாதம் கழித்து மூன்று பிரிவுக்கும் பொதுவாக இரவில் ஒரு ஆள் கூடுதலாகப் போட்டார்கள். போதாது, ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு முறை மூன்றாக, நான்காக ஆனது. இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் சங்கடமாகத் தோன்றினாலும் செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் ஆள் போதவில்லை என்பதற்குச் சாட்சியே இருக்காது. நான் முதல் எட்டு மாதம் டிக் போட்டவள். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

ஆக வீட்டில் பேஷண்ட்டுக்கு முழு ஆள் கிடைக்கிறது, அந்த ஆளுக்கு யாரும் இல்லை. இல்லத்தில் நமக்குக் கூட ஆள் இருக்கிறார்கள், பேஷண்ட்டுக்கு ஆள் குறைகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

இனி சம்பளம். 2018இல் பாட்டி வீட்டில் ஏஜென்சிக்கு மாதம் 18,000 கொடுத்தார்கள், என் கைக்கு வந்தது 13,500. ஒரு நாளைக்கு 450, அதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 19 ரூபாய்கூட இல்லை. இல்லத்தில் 11,000, 26 நாள், 12 மணி நேரம், மணிக்கு 35 ரூபாய். இப்போது நான் கோயம்புத்தூரிலேயே ஒரு வீட்டில் 12 மணி நேரப் பகல் டூட்டி பார்க்கிறேன், நாளுக்கு 700, மாதம் 26 நாள், 18,200. மணிக்கு 58. ஆனால் இதில் அறை வாடகை 4,000, சாப்பாடும் பஸ்ஸும் சேர்ந்து 3,000 போனால் நிற்பது 11,200. வருடம் வேறு வேறு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது, இருந்தாலும் கணக்கின் அமைப்பு இதுதான். மாதக் கடைசியில் கையில் அதிகம் மிஞ்சுவது 24 மணி நேர வீட்டு டூட்டியில்தான். கடன் அடைக்க வேண்டியவர்கள், பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டியவர்கள் அதற்குப் போவதில் தப்பே இல்லை. நானும் அதற்காகத்தான் போனேன். எத்தனை மாதம் என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். நான் வைக்கவில்லை.

24 மணி நேர டூட்டிக்குப் போகிறவர்கள் சேரும் முன்பே பேசிவிட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. எங்கே படுப்பேன் என்று கேளுங்கள். பேஷண்ட் அறையிலேயே தரையில் என்றால் பரவாயில்லை, ஆனால் பாயோ மெத்தையோ நமக்கென்று தனியாக இருக்க வேண்டும். பகலில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு, அந்த நேரம் வீட்டில் யாராவது உட்காருவார்களா? ரிலீவர் வரும் தேதியை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்; வாய் வார்த்தைக்கு நான்கு முறைதான் வருவார்கள். பேஷண்ட் வேலை எது, வீட்டு வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேஷண்ட்டின் துணி, பாத்திரம், கஞ்சி நம்முடையது. வீட்டில் ஆறு பேருக்குச் சமைப்பது நம்முடையது இல்லை. ஒரு வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். நோய்த்தொற்றுக்காக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது நாளே கிளம்பிவிட்டேன், அதற்காக வருந்தியதே இல்லை. ஆதார், சான்றிதழ் எதுவானாலும் நகல்தான் கொடுக்க வேண்டும், அசலை எந்த ஏஜென்சியிடமும் விடாதீர்கள். சேர்ந்த அன்றே குடும்பத்து ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேஷண்ட்டின் முதுகு, இடுப்பு, குதிகால் பார்த்து, ஏற்கெனவே புண்ணோ காயமோ இருந்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்றைச் சின்னப் பெண்களுக்காகச் சொல்கிறேன். ஆண் பேஷண்ட்டோ வீட்டில் இருக்கும் ஆளோ தப்பாக நடந்தால், "மறதி நோய், பாவம்" என்று ஏஜென்சி சொல்லும். மறதி நோயால் நடப்பதும் உண்டுதான். அப்படியானால் ஆண் ஆளைத்தான் போட வேண்டும், நீ சகிக்க வேண்டும் என்று இல்லை. வேலையிடத்தில் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டத்தில் வீடும் வேலையிடம்தான். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நிமிடத்துக்கு உதவி வேண்டுமென்றால் 181.

இல்லத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு முறை சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இல்லமும் பளிச்சென்று இருக்கும். இரவு எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். பகல் கணக்கைச் சொல்லிப் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள். கட்டிலில் இருப்பவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? இங்கே அதிக வருடம் இருக்கும் ஆயா யார், எத்தனை வருடம் என்று விசாரியுங்கள். எல்லோரும் ஆறு மாதத்து ஆட்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இஎஸ்ஐ உண்டா என்று மட்டும் கேட்காமல், சேர்ந்த பிறகு உங்கள் பெயரில் எண் வந்ததா என்று பாருங்கள்.

2023 கடைசியில் நான் இல்லத்தை விட்டு வந்தேன். மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது, ஒரு அறை எடுத்து அவளோடு இருக்க வேண்டும் என்று ஆசை. இஎஸ்ஐ போய்விட்டது, அது எனக்குப் பெரிய குறைதான். சேர்த்து வைத்ததில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறேன். இப்போது பார்ப்பது சாய்பாபா காலனியில் 84 வயது டீச்சரம்மாவை. பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் வராது, பேச்சும் கொஞ்சம்தான். அவர் மகளிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன், "ராத்திரிக்கு யாருங்க?" என்று. சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தியை இரவுக்கு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளே பார்த்துக்கொள்கிறார். முதலில் அவருக்குப் பயம்தான். இரண்டு ஞாயிறு நான் வந்து பக்கத்தில் நின்று, புரட்டுவதையும், தலையை உயர்த்தி வைத்து ஊட்டுவதையும், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர் அம்மாவுக்கு அவரே தலை பின்னிவிடுகிறார்.

இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் வருவாள். பத்து நிமிடம் டீச்சரம்மாவின் கட்டில் பக்கத்திலேயே நின்று நோட்டைப் பார்ப்போம். இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார், எந்தப் பக்கம் சிவந்தது, எதற்கு முகம் சுளித்தார். அப்புறம் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் தூங்கிவிடுவேன். நேற்றுக் காலை போய் நோட்டைத் திறந்தேன். அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: "12.00 இடது பக்கம். 2.00 நேராக. 4.00 வலது பக்கம், சிவப்பு இல்லை. 4.30 டீச்சர் முழிச்சுக்கிட்டாங்க. ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க, திறந்தேன்."